பால்கோவா கடையில் பூஜ்யம்

நிறுத்துக் கொடுக்கிற வேலையில் கை வலிக்காது, வாய்தான் வலிக்கும். தராசுக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் பக்கம் ஒரு பால்கோவா கடையில் சேர்ந்தேன். முதலாளி அப்போதுதான் எலெக்ட்ரானிக் தராசு வாங்கியிருந்தார். அதுவரை தட்டுத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சினன் ராசு அண்ணன். அவருக்கு மிசினையும் பிடிக்கவில்லை, மிசினுக்காக வந்த என்னையும் பிடிக்கவில்லை.

முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆடிப்பூரம் வரைக்கும் பாப்பேன். சனம் நம்பலைன்னா மிசினும் போயிரும், நீயும் போயிரலாம்." போனால் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட வேண்டும். அந்தப் பசை வாடை எனக்கு ஆகாது.

கோடு போட்ட எண்

மிசினில் காலி டப்பாவை வைத்தால் அதன் எடையைக் காட்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் சைபர் ஆகிவிடும். அதற்கப்புறம் பால்கோவாவைப் போட வேண்டும். ராசு அண்ணன் செய்ததும் இதுதான். அவர் அந்தப் பக்கத் தட்டில் இன்னொரு காலி டப்பாவை வைப்பார். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். என்னுடைய பொத்தான் செய்வது யாருக்கும் தெரியாது.

கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, வீட்டிலிருந்தே எவர்சில்வர் சம்படம் கொண்டு வந்திருந்தார். சைபர் ஆக்கி, அரைக்கிலோ போட்டுக் கொடுத்தேன். அவர் சம்படத்தைத் தூக்கியதும் மிசினில் ஒரு கோடும் பக்கத்தில் எண்ணும் வந்தன.

"ஏட்டி, அதென்ன முன்னால கோடு?"

"சம்படத்த எடுத்துட்டீங்கல்லா, அதான் சைபருக்குக் கீழ போயிருச்சு."

"ஒண்ணுமில்லாததுக்குக் கீழ என்னட்டி இருக்கு?"

ஏழாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டு முட்டி போட்டவள் நான். பொத்தானை அமுக்கிக் கோட்டை அழித்தேன். அந்த அம்மா சம்படத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார். "எடுத்துட்டுப் போறது என் சம்படத்த, கொறஞ்சு போனது ஒன் மிசினா? நல்லா இருக்கே நியாயம்!"

மின்விசிறி

எங்கள் கடையில் ஈக்காக மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். காற்று பட்டால் வெறும் தட்டே ரெண்டு கிராம் காட்டும், பிறகு சைபர், பிறகு கோடு போட்டு ரெண்டு. நிறுக்கிற போதெல்லாம் விசிறியை அணைத்தேன். ஈ வந்தது. ராசு அண்ணன் துண்டால் விரட்டினார், சந்தோஷமாக. தினமும் வருகிற பூக்கடைத் தாத்தா தட்டையே முறைத்தார். "ஒண்ணுமில்லாததையே இதால ஒழுங்கா நிறுக்க முடியல. இருக்கிறத எப்படி நிறுக்கும்?"

இதற்கு யாருக்காவது பதில் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் டப்பாவை வைத்து, சைபரைக் காட்டிவிட்டுத்தான் பால்கோவாவைப் போட்டேன்.

ராஜபாளையத்து சார்

ராஜபாளையத்திலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு சார் ஒருவர் வந்தார். சைபர் மின்னுவதைப் பார்த்ததும் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். பழைய தமிழ்க் கணக்கில் பூஜ்யம் கிடையாதாம். பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. எண் நிற்கிற இடத்தை வைத்து மதிப்புப் போட ஆரம்பித்த பிறகுதான் காலி இடத்துக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. நூற்றைந்தின் நடுவில் நிற்கிற பூஜ்யத்தை எடுத்தால் பதினைந்து ஆகிவிடும். முதலில் அது வெறும் புள்ளிதான். இங்கிருந்து அரபுக்காரர்கள் எடுத்துப் போனார்கள், அவர்களிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. சைபர் என்கிற சொல்லே அரபியிலிருந்து வந்ததாம்.

பத்தாம் வகுப்பு வரை எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் வரிசை தெரு வரைக்கும் போய்விட்டது. பின்னால் நின்றவர் சாரின் தோளைத் தட்டினார். "சார், அரபுக்காரன் வாங்கிட்டுப் போனது போட்டும். எனக்கு ஒரு கால் கிலோ போடச் சொல்லுங்க, பஸ் வந்துரும்."

யாருக்கும் இல்லாத பங்கு

கிருஷ்ணன்கோவில் என்ஜினீயரிங் பையன்கள் கால்குலேட்டர் இல்லாமல் வர மாட்டார்கள். ஒருத்தன் கேட்டான்: "மாப்ள, கால் கிலோவ சைபர் பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்கு எம்புட்டுடா?" தட்டிப் பார்த்தார்கள். கால்குலேட்டர் தப்பு என்றது. சைபரால் வகுக்கக் கூடாது என்று ஒருவன் சொல்ல, ஏன் என்று இன்னொருவன் கேட்க, கடைவாசலை அடைத்துக்கொண்டு சண்டை. முக்காலியிலிருந்து ராசு அண்ணன் கையை நீட்டினார். "ஆளே இல்லைன்னா பங்கு எதுக்குலே? இங்கிட்டுக் கொண்டா."

ஆடிப்பூரம்

தேர் அன்று, கூட்டம் கழுத்தை நெரிக்கிற நேரத்தில், கரண்ட் போனது. மிசினில் சைபர்கூட இல்லை. சைபர் தெரிந்தால் மிசின் முழித்திருக்கிறது என்று அர்த்தம். இது சுத்த இருட்டு. ராசு அண்ணன் தட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வரிசை மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்தது. பசை வாடை எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

அண்ணன் வேகமாகத்தான் நிறுத்தார். அவசரத்தில் அந்தப் பக்கம் காலி டப்பா வைக்க மறந்துவிட்டார். கைப்பிள்ளையோடு நின்ற ஒரு அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, நில்லுங்க. மொதல்ல டப்பாவ வச்சு சைபர் காட்டுங்க, பொறவு போடுங்க."

"இது தட்டுத் தராசும்மா. இதுல சைபர் எங்கிட்டு இருக்கு?"

"முள்ளு நட்ட நடுவுல நிக்கும்லா, அதான் சைபர். அந்தப் பிள்ள எப்பவும் காட்டிட்டுத்தான் போடும்."

அவ்வளவுதான். பின்னால் நின்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ராசு அண்ணன் முள்ளை நடுவில் நிறுத்திக் காட்டி, ஆளுக்கு ஆள் தலையாட்டிய பிறகே பால்கோவாவைத் தொட முடிந்தது. கல்லாவில் இருந்த முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்ததும் அவரே எழுந்து போய் மிசினைத் துடைத்துவிட்டு, ராசு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இதுவும் இருக்கட்டும், இந்தப் பிள்ளையும் இருக்கட்டும். சனம் இப்ப ஒன்கிட்டயும் சைபரத்தான கேக்கு."

பால்கோவா தானாகவே விற்றுவிடும். தட்டில் ஒன்றுமே இல்லை என்று ஊரை நம்ப வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.