கன்றுக்குட்டி வரைக்கும்தான் போனது

எங்கள் மாடு இரட்டைக் கன்று போட்ட வருடம் அது. மாடு இரட்டை போடுவது லேசில் நடக்காது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பண்ணையத்துக்கு இருந்தபோது. அந்த இரண்டில் ஒன்று அன்று சாயங்காலமே போய்விட்டது. எங்கள் மாட்டுக்கு இரண்டுமே பிழைத்தன. ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை, இன்னொன்று முழுச் செவலை. சீம்பால் தீர்ந்து மாடு நல்ல பால் கொடுக்க ஆரம்பித்த சமயத்தில்தான் புது அரசாங்கம் வந்தது.

வந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பால் சொசைட்டிச் சுவரில் மாட்டியிருந்த படத்தை இறக்கிவிட்டு வேறு படம் மாட்டினார்கள். ஆணியைப் பிடுங்கும்போது காரை பெயர்ந்து என் பால் கேனுக்குள் விழுந்தது. பாலை வடிகட்டிக் கொடுத்தேன். அதனால் அந்த நாள் நன்றாக நினைவில் நிற்கிறது. ஊரடங்கு நேரம். பொள்ளாச்சிக்குப் பஸ் இல்லை. தேங்காய் ஏற்ற லாரி வரவில்லை. எல்லாரும் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றதால் யார் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில், ரேஷன் கார்டு இருக்கிற வீட்டுக்கெல்லாம் பணமும் ஒரு பை நிறைய மளிகையும் தருகிறார்கள் என்று சொன்னார்கள். எங்களுக்கும் வந்தது. ரவை, சர்க்கரை, டீத்தூள், சோப்பு என்று பை கனமாகத்தான் இருந்தது. கேட்காமலே கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். நான் பிறந்து வளர்ந்த காலத்தில் கேட்டாலே கிடைக்காது.

இங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்லியாக வேண்டும். இது அவளுடைய விஷயம்தான், நான் நடுவில் வந்து மாட்டிக்கொண்டவன். அவளுடைய அம்மாவும் நானும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அம்மா போய்ச் சேர்ந்து நாளாகிறது. இவளைக் கொடுமுடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற மில்லில் வேலை. ஊரடங்கில் அந்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். வாரக்கூலி நின்றுபோனது.

அவள் பேரும் பிள்ளைகள் பேரும் கொடுமுடியில் மாமியார் வீட்டுக் கார்டில் இருந்தன. அங்கே பேரை எடுத்தால்தான் இங்கே தனிக் கார்டு போட முடியும். மாமியார் எடுக்க விடவில்லை. அந்தப் பேர்களுக்கு உண்டான அரிசி அங்கே வந்துகொண்டிருக்கிறது, எப்படி விடுவார்? இப்போது பணமும் பையும் அங்கேதான் போயின.

இவள் எங்களோடு ரேஷன் கடைக்கு வந்து வரிசையில் நின்றாள். கடைக்காரர் நல்ல மனுஷன்தான்.

"அம்மணி, மிசின்ல உன்ற பேரு வந்தா நான் ஏன் குடுக்காம இருக்கப்போறேன்?"

"நானும் எம்பிள்ளைகளும் உங்க கண்ணு முன்னால நிக்கறமுங்களே?"

"நிக்கறே கண்ணு. மிசினுக்குக் கண்ணு இல்லியே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெறும் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் நான் பால் ஊற்றப் போனபோது சொசைட்டியில் பால் அளக்கிறவரிடம் இதைச் சொன்னேன். அவர் இப்போது ஆட்சிக்கு வந்த கட்சியின் ஆள். போனும் கையுமாக இருப்பார்.

"ஏனுங்க, இதுக்கு ஏன் இத்தன வெசனம்? இப்ப மனுவெல்லாம் போன்லதானுங்க. வீடியோ எடுத்துப் போட்டா மேல இருக்கறவிய நேரா பாக்கறாங்க. உடனே நடக்குது. நீங்க பேசுங்க, நான் எடுக்கறேன்."

"அவளே பேசட்டுங்களே?"

"வயசானவிய பேசுனா எடுபடுமுங்க."

சரி என்று மாட்டுக் கொட்டகை முன்னால் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் வேலி ஓரம் வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியமாக ஒருவர் வீட்டுக்குப் போனால், போனதும் காரியத்தை எடுக்க மாட்டோம். அது மரியாதை இல்லை. முதலில் சௌக்கியம் கேட்க வேண்டும். சாப்பிட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். மழையைப் பேசி, மாட்டைப் பேசி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, எழுந்து செருப்பைத் தேடுகிறபோதுதான் "அப்பறமுங்க" என்று இழுப்போம். அப்போதுதான் வீட்டுக்காரரும் காரியம் வருகிறது என்று காதைக் கொடுப்பார். நான் மாடு வாங்கினதும் அப்படித்தான், பிள்ளைக்குப் பெண் கேட்டதும் அப்படித்தான். பெண் கேட்கப் போன இடத்தில் தென்னையில் வண்டு விழுந்ததைப் பற்றியே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிவிட்டு, வாசலில் வைத்துத்தான் கேட்டேன். கொடுத்தார்கள்.

ஆக, போனைப் பார்த்து இப்படிச் சொன்னேன்:

"ஐயா, வணக்கமுங்க. சௌக்கியமா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா? காத்தால சாப்ட்டீங்களா? ராவும் பகலுமா ஓடறீங்கன்னு டிவில பாத்தனுங்க. ஒடம்பப் பாத்துக்கங்க. இங்க மழை பரவால்லீங்க. தென்னைக்குப் பத்தாது, புல்லுக்குப் போதுமுங்க. நீங்க குடுத்த பை வந்துதுங்க. ரவை நல்லாருந்துது. எங்க மாடு ரெட்டைக் கன்னு போட்ருக்குதுங்க. ரெண்டும் பொழச்சிருச்சு. இந்தப்பக்கம் வந்தா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

அப்புறம் கொஞ்சம் மூச்சு விட்டு, "அப்பறமுங்க, ஒரு சின்ன விசயமுங்க" என்று ஆரம்பித்து, கொடுமுடிக் கார்டு, மாமியார், பூட்டின மில், இரண்டு பெண்பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணும் வேலி ஓரத்திலிருந்து தலையை ஆட்டினாள். பால் அளக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அடுத்த நாளே திருப்பூரிலிருந்து என் மகன் போன் செய்தான். "அப்பா, நீங்க ஊரெல்லாம் சுத்தறீங்க" என்றான். ஊரடங்கில் நான் எங்கே சுத்தினேன்? வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். அதற்கப்புறம் சென்னிமலையிலிருந்து யாரோ ஒருவர் போர்வை ஒன்று கொடுத்தனுப்பினார். எனக்கு ஏன் போர்வை? போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "பெரியவரே, கன்னு எப்படி இருக்குது?" என்று கேட்டார். பால் ஊற்ற வந்த ஆட்களெல்லாம், "ஏனுங், மேல இருக்கறவிய சாப்ட்டாங்களாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று யார் யாரோ கன்றுகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். போனில் அரசாங்கத்துக்கென்று இருக்கிற பக்கத்திலேயே என்னைப் போட்டிருக்கிறார்களாம், ஏழை மனுஷன் மனசாரப் பேசுகிறார் என்று.

நான் வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன்: "கார்டு விசயம் என்னாச்சுங்க?"

"எந்தக் கார்டுங்க?" என்றார்கள்.

ஒருவர் என்றால் அவருக்கு மறந்துவிட்டது என்று சொல்லலாம். அத்தனை பேருக்குமா? நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"சொன்னீங். நானும்தான் கேட்டுட்டு இருந்தேன். அத உடுங்க, அந்த ரவைல வண்டு கெடந்துதே, நல்லாருந்துதுன்னு எதுக்குச் சொன்னீங்?"

"ஒருத்தர் குடுத்த பொருளை அவிய முன்னால கொறை சொல்ல முடியுமா?"

"அவிய எங்க முன்னால இருந்தாங்க? முன்னால இருந்தது போனு."



கடைசியில் பால் அளக்கிறவர்தான் அந்த வீடியோவைக் காட்டினார். நான் பேசுகிறேன். சௌக்கியம் கேட்கிறேன், மழை, ரவை, கன்று, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்கிறேன். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கீங்க?"

"ஸ்டேட்டஸ்ல போட்டனுங்க. அது ஒரு அளவுக்கு மேல நிக்காது, துண்டாக்கிப்போடும். மொதத் துண்டை எல்லாரும் எடுத்து எடுத்து அனுப்பிட்டாங்க. அடுத்த துண்டை ஆரும் எடுக்கலீங்க."

"அந்தத் துண்டைக் குடுங்க, நான் கொண்டுபோய்க் காட்டறேன்."

"போன் நெம்பிப்போச்சுங்க. அழிச்சுப்போட்டேன்." அவருக்கும் முகம் சுருங்கித்தான் போனது. "உங்களுக்கு நல்ல பேருதானுங்க வந்துருக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து வேலி ஓரம் நின்று இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அடுப்புக்கு மட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"அப்பக் கன்னுக்குட்டிக்குக் கார்டு வந்துருமுங்க பெரியப்பா" என்றாள்.

கோபமா, கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. மட்டை உடைகிற சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

பிறகு ஒருநாள் காரில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கட்சிக்காரர்களா, ஆபீஸ்காரர்களா, டிவிக்காரர்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டபோது, "நாங்க ஐயாவோட பக்கத்தைப் பாத்துக்கறோம்" என்றார்கள். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கையில் இன்னொரு பை. அதைக் கொடுக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுக்க வேண்டும், நான் முன்பு மாதிரியே பேச வேண்டும், அரை நிமிஷம் போதும் என்றார்கள்.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். முதல் சொல்லே கார்டுதான் என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் வீட்டுக்காரி மூன்று பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்கள் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். நம் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து எடுத்ததும் எப்படி ஒரு குறையைச் சொல்லுவது? போனைத் தூக்கினார்கள். வாயைத் திறந்தேன். "ஐயா, சௌக்கியமுங்களா" என்றுதான் வந்தது. அதற்குப் பின்னால் மழை வந்தது. மழைக்குப் பின்னால் கன்று. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பேசுகிறேன், நாக்கு அது பாட்டுக்குப் போகிறது.

"போதுமுங்க, அருமை" என்றார் போன் வைத்திருந்தவர்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள்:

"கார்டுல என்ற பேரு இல்லீங்க. எம்பிள்ளைக பேரும் இல்லீங்க. கொடுமுடில இருந்து எடுத்து இங்க சேத்துக் குடுங்க."

சௌக்கியம் கேட்கவில்லை, மழை கேட்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்தவர் போனை இறக்காமலே திரும்பி, "அம்மா, எடுத்துட்டு இருக்கோம்ல, கொஞ்சம் அக்கட்டப் போங்க" என்றார். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை, நயமாகத்தான் சொன்னார்.

"அதுதானுங்க விசயம். நான் சொல்ல வந்ததும் அதுதான்" என்றேன்.

"அது ஆன்லைன்ல பதிவு பண்ணணுமுங்க பெரியவரே. நாங்க வேற டிப்பார்ட்மெண்டு" என்றார். கார் போய்விட்டது.

அந்தப் பையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பையையே பார்த்தன. அவள் உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்து ரவையையும் சர்க்கரையையும் அதில் கொட்டிக்கொண்டாள். வெறும் பையை உதறி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"பை உங்க பேருல வந்ததுங்க பெரியப்பா. என்ற பேருல வாரது வரட்டும்."

மில் திறந்துவிட்டார்கள், வேலைக்குப் போகிறாள். கன்றுகள் வளர்ந்து, செவலையை விற்றாயிற்று. அவள் பேர் இன்னும் கொடுமுடிக் கார்டில்தான் இருக்கிறது. பதிவும் பண்ணிப் பார்த்தாள். அங்கே எடுத்துவிட்டு வரச்சொல்லிப் பதில் வந்தது.

எனக்குப் படிப்பு கிடையாது. இதையும் நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்கிறார். கேட்காமலே பை கொடுத்தவர்கள், கேட்டும் ஏன் பேரைச் சேர்க்கவில்லை? நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டது அத்தனை பேர் காதுக்கும் போனதே, அவள் கேட்டது எங்கே நின்றது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இரண்டாவதாக எடுத்த வீடியோவையும் போட்டிருந்தார்கள். மகன் காட்டினான். நான் கன்றைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஒரு பொம்பிளைக் குரல் "கார்டுல" என்கிறது. அதோடு வெட்டிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ பக்கத்து வீட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் போனுக்கும் அது வந்திருக்கலாம். எனக்காகச் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறபோது, அந்தச் சத்தம் எது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கொடுமுடியில் இருக்கிற பேரை எடுத்து இங்கே சேர்க்க வேண்டும், தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும். அதை முதலில் சொல்லுங்கள். சௌக்கியம் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.