பொய் சொல்லாத பக்கம்

பத்திரிகையை எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பதில் என் சின்னம்மாவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மரண அறிவித்தல் பக்கம்தான். யாழ்ப்பாணத்தில் காலையில் பேப்பர் வந்ததும் யார் செத்தது என்று பார்த்து, எந்தச் செத்தவீட்டுக்குப் போவது என்று தீர்மானித்த பிறகுதான் ஜனாதிபதிக்கே முறை வரும். ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை எடுத்த பிறகும் அது மாறவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தப் பழக்கத்துக்கு அந்தப் பழமொழி கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் ஏறிச் சின்னம்மாவின் முதியோர் இல்லத்துக்குப் போய், சாப்பாட்டு அறையின் மூலையில் வீட்டுப்பாடம் செய்வேன். வயதானவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், அவர்கள் தரும் சாக்லேட்டை வாங்கக்கூடாது. இவ்வளவும்தான் சட்டம். முதலாவதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அங்கே இருந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் செக் ஓப்பா. ஜெர்மன் பிள்ளைகள் தாத்தாவை ஓப்பா என்பார்கள். இவர் செக் நாட்டவர் என்பதால் நான் வைத்த பெயர் அது. இளம் வயதில் அவர் அங்கே ஒரு பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். ஹிட்லரின் படை அவர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் முழுவதும் அந்த அச்சகத்தில்தான் நின்றிருக்கிறார். பிறகு ரஷ்ய டாங்கிகள் வந்த வருடம், எங்களைப் போலவே அகதியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்.

மறதி நோய் அவருடைய வாழ்க்கையைப் பின்பக்கமிருந்து தின்றுகொண்டு வந்து, சரியாக அந்தப் போர்க்காலத்தில் நின்றுவிட்டது. அவருக்கு இன்னமும் போர் நடந்துகொண்டிருந்தது. துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகத் தேடப்பட்ட அவருடைய தம்பி ஒரு தோட்டக் குடிலில் ஒளிந்திருந்தார். தம்பிக்குப் பாண், அதாவது ரொட்டி, கொண்டுபோக வேண்டும். ஆகவே தட்டில் வைக்கும் பாண், உருளைக்கிழங்கு, பிறந்தநாள் கேக் எல்லாவற்றையும் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். சூப்பை அப்படிக் கட்ட முடியாது என்பதால் அதை மட்டும் குடித்தார். ஆள் மெலிந்து, சட்டைக்குள் காற்று மட்டும் இருந்தது. இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தத் தம்பி கதையைக் கேட்டதும் சின்னம்மா, ஓப்பாவைப் பார்க்க வரும் மகளிடம் கேட்ட முதல் கேள்வி, தம்பி தப்பினாரா என்பதுதான். தப்பியிருந்தார். போர் முடிந்து, கல்யாணம் செய்து, கிழவராகித்தான் செத்தாராம். சின்னம்மா அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அது 2009, வன்னியில் கடைசிச் சண்டை நடந்த வருடம். சின்னம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அதற்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காகத் தொலைபேசி இல்லை. அரசாங்க வானொலி எல்லோரையும் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னது. மற்றப் பக்கம் வெற்றி கிட்டிவிட்டதாகச் சொன்னது. "ரெண்டு பக்கமும் வெல்லுது. அப்ப ஆர்தான் சாகினம்?" என்று சின்னம்மா வானொலியைப் பார்த்தே கேட்பார்.

போர் எப்போதோ முடிந்துவிட்டது என்று செக் ஓப்பாவை நம்பவைக்க இல்லத்தார் பாடாய்ப் பட்டார்கள். மேற்பார்வைத் தாதி ஒருநாள் அன்றைய பத்திரிகையைக் கொண்டுவந்து முதல் பக்கத்தை விரித்துக் காட்டினார். ஓப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தலைப்பா? தலைப்பைக் கோர்த்ததே நான். அதை எனக்கே காட்டுகிறீர்களா?"

பிறகு சொன்னார். எது மேலே வர வேண்டும், எது வரவே கூடாது என்று தினமும் மேலிடத்திலிருந்து கட்டளை வரும். ஜெர்மன் படை ஓடினால் 'அணியைச் சுருக்கிக்கொண்டது' என்று கோர்க்க வேண்டும். தணிக்கை அதிகாரி வெட்டிய இடத்தை வெள்ளையாக விட முடியாது, விட்டால் வெட்டியது தெரிந்துவிடும். ஆகவே அந்த அளவுக்கு எதையாவது போட்டு நிரப்புவார்கள். அதிகமாகப் போட்டது சமையல் குறிப்பு. சீனி இல்லாமல் பிளம்ஸ் ஜாம் செய்யும் முறையை அவர் வரி பிசகாமல் ஒப்பித்தார். பெற்ற மகளின் பெயர் மறந்துபோனவர் அவர்.

சின்னம்மாவுக்கு ஒரே வியப்பு. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இவை அதுக்கு மேல ஜாமும் பூசியெல்லோ விட்டிருக்கினம்!" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரைப் பார்த்த பார்வையில், ஊர்க்காரர் ஒருவரை ரயிலில் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம், அவருடைய காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சின்னம்மா என்னைக் கூப்பிட்டுப் பேப்பர் வாசிக்கச் சொன்னார். நான் முதல் பக்கத்தைத் தொடங்கினேன்.

"ஏன் பிள்ளை அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? செத்த ஆக்களைப் பாக்காமல் என்னெண்டு பேப்பர் வாசிக்கிறது? முதல் அதை எடு."

எடுத்தேன். ரொட்டிக்கடை வைத்திருந்த ஒருவர். ஒரு முன்னாள் ஆசிரியை. நாலு பேரப்பிள்ளைகளின் பாட்டி. பெயரும் வயதுமாக நான் உரத்து வாசிக்க, மேற்பார்வைத் தாதி வாசலில் வந்து நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. முதியோர் இல்லத்தில், சாப்பிட மறுக்கும் நோயாளிக்கு, மரண அறிவித்தலா வாசிப்பது என்று சின்னம்மாவைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார்.

"பேசாதீர்கள்," என்றார் செக் ஓப்பா. அவர் குரல் அவ்வளவு உரமாக வந்ததை நாங்கள் முன்பு கேட்டதில்லை. "பிள்ளை பெயர்களை வாசிக்கிறாள்."

அவர்களுடைய பத்திரிகையில் பொய் இல்லாத இடம் அது ஒன்றுதானாம். சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். ஊரைப் பயமுறுத்துவதற்காக ஆக்கிரமிப்பாளர்களே போடச் சொல்வார்கள். பெயர், பிறந்த திகதி, ஊர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அவற்றைத் தன் கையால் கோர்த்திருக்கிறார். அதிகம் பேர் அவருடைய வயதுக்காரர்.

"எல்லாருக்கும் என்ன வயது?" என்று என்னைக் கேட்டார். மறுபடி சொன்னேன். "இருபது வயதில் ஒருவருமில்லையா?" இல்லை என்றேன். "சுடப்பட்டார் என்று எங்கேயும் போட்டிருக்கிறதா?" அதுவும் இல்லை. நீண்டகால நோயின் பின், உறக்கத்தில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க என்றுதான் இருந்தது. பக்கத்தை வாங்கி, ஒவ்வொரு பெட்டியாக விரலை வைத்துத் தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிழவர்கள் மட்டும் சாகிறார்கள்," என்றார். "போர் முடிந்துவிட்டது."

பிறகு, "தம்பி?" என்று சின்னம்மாவைப் பார்த்தார்.

"உங்கள் தம்பி வெளியே வந்துவிட்டார். கல்யாணமும் செய்துவிட்டார்," என்றார் சின்னம்மா, தன் உடைந்த ஜெர்மனில். பெண் எப்படி என்று அவர் கேட்க, நல்ல வடிவான பெண் என்று சின்னம்மா யோசிக்காமல் சொன்னார். செக் ஓப்பா தலையணைக்குக் கீழே கையை விட்டுக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். பாண் கல்லாகியிருந்தது. சின்னம்மா அதைப் பறித்துவிட்டுப் புதுப் பாணும் வெண்ணெயும் கொண்டுவந்தார். அவர் இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார். திட்ட வந்த தாதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

அடுத்த நாள் ஓப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ஆகவே அது தினசரிக் கடமையாயிற்று. தாதியே அந்தப் பக்கத்தை எனக்காக எடுத்து வைப்பார். நான் வாசிப்பேன், போர் முடியும், தம்பிக்குக் கல்யாணம் நடக்கும், அவர் சாப்பிடுவார். குழாய்ப் பேச்சே போயிற்று. என் சின்னம்மாவைப் போல ஒருவர் உலகத்தில் இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒருநாள் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் அறிவித்தல் வந்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்க முன் சின்னம்மாவின் கால் என் காலை மிதித்தது. "அந்தப் பெட்டியை விட்டிட்டு அடுத்ததை வாசி," என்றார் தமிழில். விட்டுவிட்டு வாசித்தேன். ஓப்பா பக்கத்தைக் கேட்டபோது சின்னம்மா அந்த மூலையில் தேநீரைச் சிந்திவிட்டார். தணிக்கை வேலையும் எங்கள் குடும்பத்துக்கு நன்றாகவே வந்தது.

இந்த வித்தையை எனக்குள்ளே வைத்திருக்க முடியவில்லை. சித்திரை முடிந்து வைகாசியும் பிறந்துவிட்டது. சின்னம்மா வேலையால் வந்து, கணினியில் எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போயிருந்தார். நான் உட்கார்ந்து மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தேன். டொரோன்டோவில் ஒரு கிழவி. பாரிஸில் ஒரு பென்ஷன்காரர். கொழும்பில் ஒரு முன்னாள் பள்ளிக்கூட அதிபர். எல்லோரும் வயதானவர்கள். வன்னியில் ஒருவர்கூட இல்லை.

குசினிக்கு ஓடினேன். "சின்னம்மா, நான் எல்லாம் பாத்திட்டன். அங்கை ஒருத்தருமே சாகேல்லை. மாமாவுக்கு ஒண்டுமில்லை."

சின்னம்மா கையில் அகப்பையோடு திரும்பினார். "வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். ரெண்டு தரம்."

"ஓம் பிள்ளை," என்றார். "அப்ப ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை." என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி என்றும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வேலையால் வந்ததும் கதவடியிலேயே மறித்து அந்த நல்ல செய்தியைச் சொன்னேன்.

பெயரும் படமும் கொடுத்து ஓர் அறிவித்தல் போடுவதற்கும் அங்கே யாராவது ஒருவர் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சின்னம்மாவுக்குத் தெரியும்.