கருக்காமல் இருக்கிற க்ரீம்

என் மகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ராஜபாளையத்தில் இதை யாரிடம் சொன்னாலும், "வெயிலு யாருக்குத்தான் ஒத்துக்கிடும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போனது.

அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருவதற்குள் கன்னமும் கையும் தடித்துவிடும். அரிக்கும், சொறிவாள், நீர் வடியும். வாசனை சோப்பு ஆகாது, பவுடர் ஆகாது. நான் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி கம்பெனியில், பேக்கிங்கில். நாளெல்லாம் ஊரார் புண்ணுக்குத் துணி மடித்துவிட்டு வந்து சாயங்காலம் பிள்ளையின் தோலைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியாது.

மதுரையிலிருந்து ஒரு தோல் டாக்டர் வாரம் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து போவார். அரைநாள் லீவு போட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே கூட்டிப் போனேன். "சன்ஸ்கிரீன் பூசுங்க. வாசனை இல்லாததா இருக்கணும். எந்த ட்யூப் வாங்கினாலும் முதல்ல முன்னங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு ஒரு நாள் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னாதான் முகத்துக்கு" என்றார். முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தாள். சொன்னேன். "ஸ்கிரீனா? சன்னலுக்குப் போடுவமே, அதையா புள்ளைக்குப் போடச் சொன்னாரு?" என்று சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் வாங்கிய ட்யூபில் மல்லிகைப்பூ வாசனை. பொட்டு வைத்த இடம் அன்று மாலையே சிவந்துவிட்டது. இரண்டாவது பிசுபிசுவென்று ஒட்டியது, அதுவும் அரித்தது. மூன்றாவது கெட்டியாக, வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இருந்தது. மறுநாள் பார்த்தால் கையில் ஒன்றுமில்லை. முகத்தில் பூசினால் மட்டும் இட்லி மாவை அப்பியது போல இருக்கும். பள்ளியில் அவளுக்கு 'மாவு மூஞ்சி' என்று பட்டம் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும், தடிப்பு வரவில்லையே என்று நான் மூச்சுவிட்டேன்.

ட்யூப் தீரும்போதெல்லாம் மருந்துக்கடையில் ஒரு போராட்டம். டாக்டர் எழுதிய சீட்டு மடித்து மடித்துக் கிழிந்து போயிருந்தது. பழைய ட்யூபை எடுத்துப் போக எனக்கு ஒருநாளும் ஞாபகம் வராது. சன்ஸ்கிரீன் என்றால் கடைக்காரர் முழிப்பார். வெயிலுக்குப் பூசுவது என்றால் வேர்க்குரு பவுடரை எடுப்பார். அலர்ஜி என்றால் சொறிக்குப் போடும் களிம்பு. ஒருநாள் பின்னால் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள், எனக்குக் கால் கடுக்கிறது. "அதாங்க, கருக்காம இருக்கதுக்குப் பூசுவாகளே" என்றேன்.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்று சரியான ட்யூபை எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து கடையில் அதற்கு அதுதான் பெயர். சொன்னதும் கிடைத்தது. என் முந்தானையைப் பிடித்தபடி மகள் ஒவ்வொரு முறையும் பக்கத்தில்தான் நின்றாள்.

ஒருமுறை கடைக்காரர், "பழசு வரலக்கா. இதுவும் அதுக்குத்தான், நல்லாப் போகுது" என்று வேறொன்றைக் கொடுத்தார். ஓவர்டைம் முடித்து வந்திருந்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் ரோஜா வாசனை அடித்தது. கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை, பிள்ளை வெயிலில் நிற்க வேண்டும். கையில் பொட்டு வைத்து ஒரு நாள் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. பூசி அனுப்பினேன்.

சாயங்காலம் கேட்டேன், "எரிஞ்சுதா?"

"இல்லம்மா."

மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். அதே பதில். நாலாம் நாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை வீங்கி, கன்னம் கொப்பளித்திருந்தது.

மறுபடி அதே பஸ், அதே டாக்டர். நல்லவேளையாக அது அவர் வரும் நாள். ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "இது வெள்ளையாகுறதுக்குப் பூசுற க்ரீம்மா. வெயிலுக்கு இல்ல" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு அவளிடம் குனிந்து, "உனக்கு எரியலையா?" என்று கேட்டார்.

"எரிஞ்சுது. மொத நாள்லயே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, பொறவு ஏன் சொல்லல? நான் தெனமும் கேட்டேன்ல?"

வீங்கிய இமைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை.

"எரிஞ்சாத்தானம்மா வெள்ளையாவேன்? கருக்காம இருக்கதுக்குன்னு நீதான கடையில சொன்ன."

அன்றுமுதல் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் நான் கடையில் முழுதாகச் சொல்லித்தான் வாங்கினேன். என் மகளுக்கு வெயில் பட்டால் மேல் தடித்துவிடும், நிறத்துக்காக இல்லை, அது தடிக்காமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்வேன். ஆனால் அவள் என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.