நிறைந்த போத்தலும் அரைப் போத்தலும்

சரியான விடை சொன்ன ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தியை, பிழை சொன்னாள் என்று இன்னொரு வருடம் முதலாம் வகுப்பிலேயே இருத்தினேன். அவள் சொன்னது சரி என்று இரண்டு வருடங்களுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வைத்தால் எழுதாமல் விட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

நான் வடக்கிலிருந்து கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் கரவனெல்லயிலேயே தங்கிவிட்டேன். முதலாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் நீளமான நூலையும் பெரிசு என்பார்கள், பாரமான கல்லையும் பெரிசு என்பார்கள். உயரமான ஆளும் பெரிசுதான். எல்லாவற்றுக்கும் பெரிசு, சின்னது என்ற இரண்டு சொற்களே அவர்களிடம் இருந்தன. நீளம், கட்டை, பாரம், லேசு, கூட, குறைய என்று அவற்றைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் எண்களுக்குப் போக வேண்டும் என்று படித்திருந்தேன். ஈர்க்கில், கல், மூடி எல்லாம் சேர்த்துக்கொண்டு அதை நன்றாகச் செய்வதாகவே நினைத்திருந்தேன்.

ஆசிரிய ஆலோசகர் வகுப்புப் பார்க்க வந்த நாள் அது. அவரும் எங்கள் வடக்குப் பக்கத்து ஆள். மேசையில் ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை வைத்தேன். பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியட்டும் என்று தண்ணீரில் பால்மாவைக் கரைத்திருந்தேன். அரைப் போத்தலுக்குரியதை முதலில் கெட்டியாகக் கரைத்தேன். அதோடு பால்மா முடிந்துவிட்டது. மற்றதற்குப் பையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிப் போட்டு, கழுத்துவரை தண்ணீர் விட்டு நிரப்பினேன்.

ரப்பர் மரங்களில் பால் வெட்டும் பெண் ஒருத்தியின் மகள் முன் வாங்கில் இருந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

"எதுக்குள்ளை கூடப் பால் இருக்கு, சொல்லு பாப்பம்."

அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். இரண்டு போத்தல்களையும் ஒவ்வொன்றாகச் சரித்து, பால் கண்ணாடியில் எப்படி வழிகிறது என்று பார்த்தாள். பிறகு அரைப் போத்தலைத் தொட்டாள்.

"இதுல சார்."

"வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை."

"இதுலதான் சார்."

"அதுக்குக் கண்ணு தெரியல சார்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. ஆலோசகரும் சிரித்துக்கொண்டு, "மாஸ்டர், ஒரு தவணை முழுக்க இதையே படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்டார். என் முகம் எரிந்தது. அவள் காதைத் திருகி வாங்கில் இருத்தினேன். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

வருட முடிவில் அவள் அறிக்கையில், "கூட, குறைய விளங்காத பிள்ளை. இதே வகுப்பில் மீண்டும் இருத்தவும்" என்று எழுதினேன். தாய் வந்து நின்றார்.

"அவ வெவரமான புள்ள சார். ஒரு வருசம் போயிருமே, ஐயோ, பாத்துச் செய்ங்க சார்."

"விவரம் வேறை, கணக்கு வேறை" என்றேன்.

அந்தப் பாடம் நடந்து இரண்டு வருடம் முடிவதற்குள், ஒரு மழைக்கால முற்பகலில், டவுனுக்குப் போகும் டிராக்டருக்காகத் ரப்பர் பாலை அளந்து எடுக்கும் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஒதுங்கி நின்றேன். பால் வெட்டியவர்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். மேற்பார்வை ஐயா ஒவ்வொரு வாளிப் பாலிலும் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தார். நிறைந்த வாளி கொண்டுவந்தவருக்குக் குறையவும், அரை வாளி கொண்டுவந்த பெண்ணுக்குக் கூடவும் பதிந்தார்.

"வாளி நெறைய இருக்கேங்க!" என்று முன்னவர் கத்தினார்.

"நெறைய இருக்கு, மழத்தண்ணி. பால் எங்க இருக்கு?" என்றார் ஐயா.

"மாமா இன்னைக்கு மழையத்தான் வெட்டியிருக்கு!" என்றாள் அரை வாளிக்காரி. வரிசை முழுவதும் சிரித்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருமுன் தாயோடு வளர்ந்த இடம் இந்த ஸ்டோர். எதில் பால் கூட என்று நான் கேட்டேன். எதில் பால் கூடவோ அதைத்தான் அவள் காட்டியிருக்கிறாள். போத்தலின் உயரத்தை மட்டும் பார்த்தவன் நான்.

அடுத்த நாளே பாடத்தை மாற்றினேன். எதில் கூட என்று கேட்டால், என்ன கூட என்றும் சேர்த்துக் கேட்டேன். பொருளைக் கையில் கொடுத்தேன். பிள்ளை எதைச் சொன்னாலும், "ஏனப்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் சரி பிழை சொன்னேன். நல்ல ஆசிரியர் என்று பெயரும் வந்தது. அவள் வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அதிபரிடம் சொல்லி அவளை மேல் வகுப்புக்கு ஏற்றியிருக்கலாம். அதற்கு, நான் பிழைவிட்டேன் என்று மற்ற ஆசிரியர்களுக்கு முன் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. புத்தகம் எடுத்தால் இரண்டு பக்கம், எழும்பிவிடுவேன். கடைக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். சில மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் பிரஷர் மருந்துக்கு வரிசையில் இருந்தபோது, அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்ந்து, நான் மீண்டும் இருத்திய பிள்ளையின் பேச்சை எடுத்தாள்.

"அவ ஒங்க கிட்டப் படிச்சவதான் சார். பால் ஸ்டோர்ல அளந்து எழுதுற வேல குடுக்கப் பாத்தாங்க. வேணாம்னுட்டா. 'எனக்குக் கூட கொறய வெளங்காதுன்னு எங்க சாரே எழுதிட்டாரு'ன்னு சிரிக்கிறா சார்."

என் இலக்கத்தைக் கூப்பிட முன்னமே வெளியே வந்து தோட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

என் பழைய மாணவி வேலை முடிந்து வந்து லயத்து வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாரா! வழி தவறி வந்துட்டீங்களா? ஒக்காருங்க."

நின்றபடியே சொன்னேன். போத்தல்களைப் பற்றிச் சொன்னேன், அவள் விடை சரி என்று சொன்னேன்.

"போத்தலெல்லாம் ஞாபகம் இல்ல சார். தங்கச்சியோட ஒரே வகுப்புல ஒக்கார வச்சீங்களே, அது ஞாபகம் இருக்கு. அவதான் எனக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பா." விரலில் காய்ந்திருந்த ரப்பரை உரித்தாள். "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ ரெண்டாம் வகுப்பிலை இருக்கேக்கை."

"அப்ப நான் ஒன்பதாவதோட நின்னப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ரோட்டுல பாக்குறப்பல்லாம் சொகமான்னு கேட்டீங்களே சார்."

அவள் கையைத் துடைத்தாள். உள்ளே போய் மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துவந்து, பேனையோடு நீட்டினாள்.

"சரி. இப்பச் சொன்னத எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்க."

எழுதினேன். வாங்கி, விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'நான் விட்ட சிறு பிழையினால்'னு எழுதியிருக்கீங்க. எத விடச் சிறுசு சார்?"

வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவன் நான். அந்தச் சொல்லை வெட்டினேன்.

"பெரிய எண்டு எழுதட்டோ?"

"ஒன்னும் போட வேணாம். பிழைன்னு மட்டும் இருக்கட்டும்."

தேநீர் ஊற்றவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளோடு அவள் ஸ்டோருக்குப் போனாளாம். வேலையை இரண்டு நாளுக்கு முன்தான் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். "இதென்ன, டாக்டர் குடுத்த சீட்டா?" என்று இப்போதைய மேற்பார்வை ஐயா பகிடி பண்ணியிருக்கிறார். அவள் நகராமல் நிற்கவே, குழாயைக் கையில் கொடுத்து இரண்டு வாளியை அளக்கச் சொன்னாராம். அளந்திருக்கிறாள். இப்போது அந்தப் பெண் வராத நாட்களில் அவள்தான் அளக்கிறாள். மற்ற நாட்களில் பால் வெட்டுகிறாள். இதையெல்லாம் மருந்து வரிசையில் வைத்துத்தான் அறிந்தேன். அவள் என்னை வரச் சொல்லவில்லை.