காணாமல் போன நாலு அடி

சுற்றளவு என்றால் வேலி, பரப்பளவு என்றால் உள்ளே இருக்கிற புல் என்று சொல்லிக் கொடுத்தே தொண்டை வற்றிப்போன என் இனத்தாரே, உங்களுக்கு வணக்கம்.

கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்த எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டிரெய்னர் வேலை கிடைத்தது. மாணவிகள் இரண்டே பேர். செல்வி அக்கா, ஷபானா அக்கா. முன்பு தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அடுக்கியவர்கள். இப்போது பேஸ்டிங் பிரிவில் நாள் முழுக்கப் பசை தடவுகிறார்கள். அந்த வாடையில் இருவருக்கும் தீராத தலைவலி. கட்டிங் பிரிவில் தோல் செக் பண்ணும் வேலைக்கு மாறினால் தப்பிக்கலாம். அதற்கு மாதக் கடைசியில் ஒரு பரீட்சை. ஐந்து கேள்வி, நாலு சரியாக இருக்க வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் பசைதான்.

முதல் வகுப்பு

சாப்பாட்டு நேரத்தில் அரை மணி வகுப்பு. இருவரும் என் அம்மா வயதுக்காரர்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, போர்டைப் பார்த்தே செவ்வகத்துக்கு விளக்கம் சொன்னேன். மேலே ஃபேன் வேறு கடகடவென்று சுற்றியது. பத்து நிமிஷம் கழித்து, புரிந்ததா என்று திரும்பினேன். இருவரும் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி சாப்பாட்டை முடித்திருந்தார்கள். செல்வி அக்கா மட்டும் பாவம் பார்த்துச் சொன்னார்:

“போர்டுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும் மிஸ். எங்களுக்கும் ஒருவாட்டி சொல்லிடுங்க.”

திருட்டு

மறுநாள் அவர்கள் பக்கம் திரும்பி நின்று, நீளம் மூன்று அடி, அகலம் இரண்டு அடி என்று எழுதினேன். சுற்றளவு பத்து அடி, பரப்பளவு ஆறு சதுர அடி. இங்கேதான் வந்தது வினை. தோல் தொழிலில் ‘சதுர’ என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. அளவு மெஷின் தோலின் பின்பக்கம் ஆறு என்று முத்திரை குத்தினால் அது ஆறு அடித் தோல், அவ்வளவுதான்.

ஷபானா அக்கா போர்டையே முறைத்துக்கொண்டிருந்தார். சதுர அடி வேறு, அடி வேறு என்று நான் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினேன். அவர் கட்டங்களை எண்ணினார். ஆறு. ஓரத்தைச் சுற்றி எண்ணினார். பத்து. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சுத்தி வந்தா பத்தடி, உள்ள ஆறு அடிதான் இருக்கு. மீதி நாலு அடியை யாரு மிஸ் அமுக்குனது?”

மூன்றும் கொஞ்சமும்

வட்டத்துக்குப் பசை டப்பா மூடியைக் கொண்டுவரச் சொன்னேன். தையல் நூலால் மூடியைச் சுற்றி அளந்து, அந்த நூலைக் குறுக்கே மடித்துப் பார்த்தோம். மூன்று தடவை வந்து, கொஞ்சம் மிஞ்சியது. “அந்தக் கொஞ்சத்தில்தான் விஷயமே இருக்கிறது” என்று எனக்கே ஆச்சரியமான உற்சாகத்தோடு சொன்னேன். புள்ளிக்குப் பிறகு எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் என்றும் சொல்லிவைத்தேன்.

சொல்லியிருக்கக் கூடாது. மூடியை விரலால் சுற்றிக்கொண்டிருந்த செல்வி அக்காவின் விரல் நின்றுவிட்டது.

“முடியவே முடியாதா? இன்னா மிஸ் இது, அப்ப பரீட்சை எழுதறவ எப்ப வீட்டுக்குப் போறது?”

பரீட்சை

கேள்வித்தாளை ஹெச்.ஆர். சார் தயாரித்தார். வட்டக் கணக்கில் இருவரும் சறுக்கிவிட்டார்கள். மற்ற நாலில் மூன்று சரி. மிச்சம் ஒன்றே ஒன்று: ‘ஒரு ஆட்டுத் தோலின் நீளம் 3 அடி, அகலம் 2 அடி. பரப்பளவு என்ன?’ பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போர்டில் தேயத் தேயப் போட்ட கணக்கு! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறு என்பார்கள்.

இருவரும் ஐந்து என்று எழுதியிருந்தார்கள்.

ஹெச்.ஆர். சார் சிவப்புப் பேனாவால் இரண்டு தாளிலும் கோடு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஷபானா அக்காவின் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர்தான், “ரெண்டு பேரும் ஒரே தப்பு எப்படிம்மா பண்ணீங்க? காப்பியா?” என்று கேட்டார்.

செல்வி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “காப்பி இன்னாத்துக்கு சார்? பொட்டி மாதிரி இருந்தா ஆறு. இது ஆட்டுத் தோலுன்னு போட்டிருக்கு. கழுத்துப் பக்கம் ஒடுங்கும், காலுக்கு நடுவுல உள்வாங்கும். அஞ்சுக்கு மேல ஒரு பொட்டு வராது.”

மாஸ்டர் டீயை மேஜையில் வைத்தார். இந்த இருவரும் திங்கட்கிழமையிலிருந்து தன் பிரிவில் வேலை செய்வார்கள் என்றார். ஹெச்.ஆர். சார் விடவில்லை, புத்தகப்படி ஆறுதானே சரி என்று மறுபடி என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷபானா அக்காதான் பதில் சொன்னார்:

“நாலு மூலை வெச்ச ஆடு உங்க ஊர்ல இருந்தா ஒண்ணு புடிச்சிட்டு வாங்க சார், நாங்களும் ஆறுன்னே எழுதறோம்.”

ஆக, எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது செவ்வகம். அவர்களுக்கு வேலை வாங்கித் தந்தது ஆடு.