படகடியில் கோலமாவு

"...கரிக்கவே இல்ல அண்ணாச்சி. அப்போ வெளித்தண்ணி உள்ள வரல. மழைத்தண்ணிதான்" என்று சொல்லி முடித்து, படகின் அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீரைத் தொட்ட விரலை நாக்கிலிருந்து எடுத்தான், எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்தவன். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. தூத்துக்குடிக் கடலில் பழகியவன்; ஓட்டை என்றால் உப்புக் கரிக்க வேண்டும் அவனுக்கு. நாங்கள் வேலை பார்க்கும் கார்டன் ரீச்சில் ஓடுவது ஹூக்ளி ஆறு. அந்தத் தண்ணீரே கரிக்காதே.

படகு, எங்கள் துறைமுகப் பட்டறையில் ஓய்வு பெற்ற வங்காளி தாதாவுடையது; அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளில் ஞாயிறுதோறும் அதில் சுக்கான் பிடித்தவன் நான். இவன் மாற்றலாகி வந்ததும் தாதா சுக்கானை அவனிடம் கொடுத்து, என்னைப் பாய்க்கயிறு இழுக்க விட்டார். "ஓர் ஹாத் பாலோ", அவன் கை நல்ல கை என்று என்னிடமே சொன்னார். என் கைக்கு என்ன வந்ததாம்?

அந்த நல்ல கைதான் ஒரு நாள் படகைத் துறைப் படிக்கட்டில் இடித்தது. அதில் அடிப்பலகை விட்டு ஆற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது, அதை நிரூபித்தால் சுக்கான் என்னிடம் திரும்பும் என்று நம்பினேன். அடியைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, வீட்டிலிருந்து கோலமாவு கொண்டுபோய்த் தூவ நினைத்தேன். தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் மாவில் தடம் விழும். மனைவி டப்பாவை விடவில்லை.

"வாசலுக்கு அரைச்சது. உங்க வயித்தெரிச்சலுக்கு இல்ல."

எப்படியோ வாங்கிப் போய்த் தூவினேன். அந்த வாரம் நல்ல வெயில். வேலை முடிந்து தினமும் எட்டிப் பார்த்தேன். படகு ஆற்றிலேயே கிடந்தும் மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது. படகு ஒழுகவில்லை என்று வருத்தப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை மழை கொட்டியது. மறுநாள் மூவரும் குனிந்து பார்த்தோம். பலகை ஓரமெல்லாம் காய்ந்த மாவு. பாய்மரத்தின் காலடியிலிருந்து மட்டும் ஒரு கறுப்புக் கோடு. பாய்மரம் உள்ளே குழல் மாதிரி கூடு. உச்சியில் கயிறு நுழைகிற துளை வழியாக மழை இறங்கி, ஆலைப் புகைக்கரியையும் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது.

தாதா அவன் முதுகில் தட்டி, நாக்கும் நல்ல நாக்கு என்றார். மாவு என்னுடையது, பேர் அவனுக்கு. இந்த ஆற்றில் நாக்கை நம்ப முடியாது, குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். தாதா பாயை அவிழ்க்கப் போய்விட்டார்.

"ஆமா அண்ணாச்சி, இந்த ஆறு கரிக்காதுல்லா. எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று அவன் சிரித்தான். பிறகு பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டான்.