இரண்டு ஆட்டம் டைனோசர்

முதுகில் ஜிப் தெரிகிற டைனோசரைப் பார்த்து நாற்பது வயதில் கண்கலங்கும் மடையன் நான்தான். டிவியில் அது தெர்மாகோல் ராக்கெட்டை மிதித்ததுமே, சிறுவயதில் கும்மிடிப்பூண்டி தியேட்டரில் பார்த்த படம் என்று தெரிந்துவிட்டது.

அன்று கூட்டிப்போன சித்தப்பாவின் சட்டையில் இரும்பு ஃபாக்டரிக் கரி வாசனை. எந்தப் படத்திலும் இடைவேளையிலேயே "டப்பு தண்டம்" என்று எழுந்துவிடுகிறவர், படம் முடிந்ததும், "இன்னொரு தபா பாக்கலாமா நைனா?" என்றார். நான் குதித்தேன். ஆஸ்பத்திரியில் இறந்துபோன அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரும்வரை என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார் என்று தெரியாது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபோது, "பயப்படாத சித்தப்பா, ரப்பர்தான்" என்று தைரியம் வேறு சொன்னேன்.

இப்போது அவருக்குப் போன் போட்டேன். "நம்ம டைனோசர் படம் ஓடுது சித்தப்பா. பசங்களுக்குக் காட்டலாமா, தேறுமா?"

"நான் எங்கடா படத்த பாத்தேன்."